வேல்யூவர் வருவதற்குள்

வங்கியிலிருந்து போன் வந்தபோது ஜான்சி கிள்ளைக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றில் கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் குழந்தையின் தொடையில் பஞ்சை வைத்து அழுத்தி, தாயின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனை எடுத்தாள். கடலூர்க் கிளையிலிருந்து பேசிய பெண் விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். கடன் விண்ணப்பம் பாதிக் கட்டம் தாண்டிவிட்டது. ஈடாகக் காட்டியிருக்கும் சிதம்பரம் வீட்டைப் பார்த்து மதிப்புப் போட வங்கியின் வேல்யூவர் வருவார். அடுத்த மாதம் முதல் வியாழக்கிழமை காலையில் வீட்டில் யாராவது இருக்க வேண்டும்.

கைப்பையிலிருந்த டைரியில் ஜான்சி தேதியைக் குறித்துக்கொண்டாள். இருபத்து மூன்று நாள் இருந்தது.

கடன் அவளுக்கில்லை, மகள் அறிவுமதிக்கு. பிசியோதெரபி படித்துவிட்டுப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் நான்கு வருடம் வேலை பார்த்தவள், கடலூர் புதுப்பாளையத்தில் சொந்தமாக ஒரு சிகிச்சை மையம் வைக்கப் போகிறேன் என்று கிளம்பியிருந்தாள். இடம் பார்த்து, முன்பணமும் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு நல்ல மதிப்பு வந்தால்தான் மீதி நடக்கும்.

ஜான்சி கிராம சுகாதார செவிலியர். பிறந்ததும் கிள்ளைப் பக்கம்தான். அப்பா அந்தோணிசாமியும் அம்மா ராசம்மாளும் அடுத்தவர் வயலில் பாடுபட்டு நான்கு பிள்ளைகளை வளர்த்தார்கள். கடலூரில் கன்னியர் விடுதியில் தங்கிப் படித்து, பயிற்சி முடித்து, இருபத்தாறு வயதில் அவள் வேலையில் சேர்ந்தாள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். கணவர் கதிர்வேல் திட்டக்குடிப் பக்கத்துக்காரர். கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் எழுத்தர். காலை ஏழே கால் பஸ்ஸில் போனால் சாயங்காலம் ஏழு மணிக்கு வீடு திரும்புவார். பத்துக் கேள்வி கேட்டால் இரண்டுக்குப் பதில் சொல்கிற மனிதர்.

சிதம்பரத்தில் அவர்கள் ஐந்து வாடகை வீடு மாறியவர்கள். வீடு கேட்டுப் போகும் இடத்தில் முதலில் நன்றாகப் பேசுவார்கள். சொந்த ஊர் எது, அந்த ஊரில் எந்தத் தெரு என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். பிறகு, வேறு ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். சுனாமி வந்து இரண்டு வருடம் கழித்து, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாகப் பிரித்த மனைகளில் முப்பதுக்கு அறுபது அடியில் ஒன்றை வாங்கினார்கள். மனையை விற்றவர் புரோக்கர் என்பதால் தெருவெல்லாம் விசாரிக்கவில்லை. பணத்தை எண்ணிக்கொண்டு பத்திரத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்.

அந்த வீட்டைத்தான் இப்போது ஒருவர் வந்து பார்த்து, இதன் மதிப்பு இவ்வளவு என்று எழுதப்போகிறார்.

அன்று சாயங்காலமே ஜான்சி வெளியே தெருவில் போய் நின்று, யாரோ ஒருத்தர் வீட்டைப் பார்ப்பதுபோலத் தன் வீட்டைப் பார்த்தாள். முன்பக்கச் சுவரில் வர்ணம் வெளிறிப்போயிருந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து நின்றது. குளியலறை மூலையில் மழைக்காலம் முழுக்க ஒழுகியதன் கறை. மாடிக்குப் போனால் நீர்த்தொட்டிக்குப் பின்னால் அரசங்கன்று ஒன்று விரல் தடிமனுக்கு வேர்விட்டிருந்தது. ஜன்னல் கம்பிகளில் துரு. பெரிய கோளாறு ஒன்றுமில்லைதான். ஆனால் பத்தொன்பது வருடமாக அதற்குள்ளேயே இருந்ததால் ஒன்றும் கண்ணில் படாமல் போயிருந்தது.

அவளுக்கு எதையும் பதிவேடாக எழுதிப் பழக்கம். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, வேலை, ஆள், முடிக்க வேண்டிய தேதி என்று எழுதினாள். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, கட்டட அனுமதி வரைபடம், வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் அடுக்கும் பொறுப்பு கதிர்வேலுக்கு. அதுதான் அவருடைய தொழில் என்பதால் இரண்டே நாளில் வரிசை எண் போட்டு முடித்துவிட்டார்.

கட்டட வேலைக்குக் காத்தவராயன் மேஸ்திரி வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், நிதானமான கை. உப்புப் பூத்த சுவர்மேல் அப்படியே வர்ணம் அடித்தால் வேல்யூவர் வரும்வரைக்கும் தாங்கும், வந்து போன மறுவாரம் உரிந்துவிடும் என்றார். ஜான்சி அப்படி வேண்டாம் என்றாள். பழைய பூச்சைச் செங்கல் தெரியச் சுரண்டி, புதிதாகப் பூசச் சொன்னாள். ஒழுகிய மூலைக்கு மேலே மாடித் தளத்தை உடைத்து ஓடு பதித்தார்கள். அரசங்கன்றை வேரோடு எடுக்க ஒரு முழு நாள் ஆனது. ஒன்பது நாளில் நோட்டில் பெரும்பாலான கட்டங்கள் நிரம்பிவிட்டன.

பக்கவாட்டுச் சந்தும் முன்பக்க வர்ணமும்தான் பாக்கி. வீட்டுக்கும் தெற்குச் சுற்றுச்சுவருக்கும் இடையே நாலடிச் சந்து. அதன் நடுவில் ஒரு கறிவேப்பிலை மரம் கிளைத்து, ஆள் புகமுடியாதபடி அடைத்துக்கொண்டிருந்தது. அதன் வேர்க்கன்றுகள் சுவரடியில் வரிசையாக முளைத்துச் சுவரையே நெட்டிக்கொண்டிருந்தன. வேல்யூவர் நாலு பக்கமும் சுற்றி அளப்பார், மரத்தை எடுத்துவிட வேண்டும் என்றார் மேஸ்திரி. ஜான்சிக்கும் அது சரியாகப் பட்டது. கதிர்வேல் மட்டும் வேண்டாம் என்றார். ஏன் என்று கேட்டதற்கு, கறிவேப்பிலை வாங்க யார் கடைக்கு ஓடுவது என்றார். வீட்டு விஷயம் எதிலும் குறுக்கே பேசாதவர் ஒரு மரத்துக்காக இரண்டு தரம் சொன்னது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. அந்த வீட்டில் அவர் தன் கையால் நட்டது அது ஒன்றுதான். அந்தப் பிரியம் போல என்று நினைத்துக்கொண்டு, அவர் அலுவலகம் போன ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்து, மேஸ்திரியை வெட்டச் சொல்லிவிட்டாள்.

தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது சுப்பராயலு வீடு. ஸ்ரீமுஷ்ணம் பக்கம் பயிர்க்குடும்பம். சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி மலர்க்கொடி. இந்த இரண்டு வீட்டுக்கும் பத்தொன்பது வருடமாகப் பேச்சு கிடையாது.

அது அந்தச் சுவர் எழுந்த நாளில் ஆரம்பித்தது. காலையில் சுவருக்கு நூல் பிடித்துக்கொண்டிருந்தபோது சுப்பராயலு வந்து, நூல் தன் மனைக்குள் வருகிறது என்று சத்தம் போட்டார். ஜான்சி வேலைக்குப் போயிருந்தாள். கதிர்வேல் நூலைக் காட்டி ஏதோ சொல்லப் போக, சுப்பராயலு, "உங்க ஆளுங்கள இந்தத் தெருவுல எடம் வாங்க வுட்டதே பெருசு. இதுல என் எடமும் கேக்குதா" என்று சொல்லிவிட்டு ஆலைக்குப் போய்விட்டார். அன்று வேலை செய்த வேறொரு மேஸ்திரியும் சித்தாள்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். சாயங்காலம் அவர் திரும்பியபோது கடைக்கால் போட்டு மூன்று வரிசை செங்கல் ஏறியிருந்தது. ஒன்றரை அடி போய்விட்டது என்று தெருவில் நின்று கத்தினார். ஜான்சி அதற்குள் வீட்டுக்கு வந்து, காலையில் நடந்ததைக் கதிர்வேலிடம் கேட்டிருந்தாள். அவளுக்கு அந்த ஒன்றரை அடியும் காலையில் சொன்ன வார்த்தையும் ஒன்றாகத்தான் கேட்டது. வாடகை வீடுகளில் கேட்ட அதே குரல். தெருவில் இறங்கி, சர்வேயரைக் கூட்டி வந்து அளந்து பாருங்கள், ஒரு விரற்கடை கூடுதலாக இருந்தாலும் நானே இடிக்கிறேன், இது பைபிள்மேல் சத்தியம் என்றாள். சுப்பராயலு சர்வேயரைக் கூட்டி வரவேயில்லை. கூட்டி வராததே தன் பக்கம் நியாயம் என்பதற்குச் சாட்சி என்று இத்தனை வருடமும் அவள் இருந்தாள்.

கறிவேப்பிலை மரத்தை வெட்டி, வேர்க்கட்டையைக் கடப்பாரையால் நெம்பியபோது கல்லில் இடித்தது. மேஸ்திரி மண்ணை ஒதுக்கினார். முழங்கை நீளத்துக்கு ஒரு கருங்கல், செங்குத்தாக நட்டது. தலையில் கூட்டல் குறி செதுக்கியிருந்தது. அது மனைக்கல் என்பது அவருக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. டேப்பை எடுத்துக் கல்லிலிருந்து சுவர்வரைக்கும் பிடித்தார். பிறகு முன்பக்கம் போய் வடக்குச் சுவரிலிருந்து தெற்குச் சுவர்வரை பிடித்தார். பத்திரத்தில் முப்பது அடி. டேப்பில் முப்பத்தொன்றரை.

ஜான்சி கோப்பை எடுத்து வந்து வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தாள். மேஸ்திரி சுவரின் அந்தப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மண்ணத் தள்ளி மேல சிமெண்ட் தளம் போட்டுடறன் நர்சம்மா. வர்றவரு பத்திரத்துல இருக்கறத எழுதிகிட்டுப் போயிடுவாரு. நான் எத்தினி வூடு பாத்துருக்கன்."

"இன்னைக்கு இதோட வுடுங்க மேஸ்திரி" என்றாள் ஜான்சி.

கதிர்வேல் ஏழு மணிக்கு வந்தார். கேட்டைத் திறந்ததுமே குவித்துக் கிடந்த கிளைகள் தெரிந்தன. சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்காமல் சந்துக்குள் போய் நின்றார். விளக்கு வெளிச்சத்தில் கல் நன்றாகத் தெரிந்தது. ஜான்சி பின்னால் வந்தாள்.

"கல்லு இங்க இருக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார்.

அவர் சுவரோரம் இருந்த மணல் சாக்கின்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"அன்னைக்குக் காலைல அவர் வந்து சொன்னது பொய்யி ஜான்சி. நூலு இந்தக் கல்லு மேலதான் ஓடுச்சி. அத்தினி பேர் முன்னால அப்புடி சொல்லிட்டுப் போனாரு. எனக்கு வாயே வரல. அவர் போனதும் நூல அவுத்து அந்தாண்ட தள்ளிக் கட்டுடான்னு சொல்லிட்டன். பொய்யாதான சொன்னாரு, நெசமாவே போவட்டும்னு. மேஸ்திரி வேணாம்னான். நான்தான் கேக்கல. ராத்திரிக்குள்ள கல்லு மேல மண்ணப் போட்டு இந்தக் கன்ன நட்டன்."

கதிர்வேல் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"நான் தெருவுல நின்னு சத்தியம் பண்ணனே. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"உள்ளதான் இருந்தன். கேட்டுகிட்டுதான் இருந்தன்."

அதற்குமேல் அன்று பேச்சு நடக்கவில்லை. ஜான்சி தோசை ஊற்றி, அவர் தட்டில் வைத்துவிட்டுத் தான் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். சனிக்கிழமையும் பேசவில்லை. அவள் கோபப்பட்டால் கத்தித் தீர்த்துவிடுகிற ரகம். இந்தத் தடவை கத்தவும் வரவில்லை. நாற்பது பேர் பார்க்கத் தெருவில் நின்ற தன்னையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டாள். அன்றைக்கு அவளுடைய குரலில் ஒரு துளிச் சந்தேகமும் இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்காலிட்டபோது எப்போதும் சொல்கிற ஜெபத்தைச் சொல்ல முடியவில்லை. பாதியிலேயே எழுந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

அறிவுமதியிடம் போனில் சொன்னாள். மகள் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த ஆளு சொன்ன வார்த்தைக்கு ஒன்றரை அடி ரொம்பக் கம்மிம்மா" என்றாள். ஜான்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு. ஆனால் அப்படியே விடவும் மனம் வரவில்லை.

"அவர் சொன்னதுக்கு அவர் பாத்துக்கட்டும்டி. செவுரு நாம வச்சது."

உண்மையில் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது சுவரை இடிப்பதில்லை. அந்த வார்த்தையைச் சொன்ன ஆள் வீட்டு வாசலில் போய், தப்பு எங்கள் பக்கம் என்று சொல்லி நிற்க வேண்டும். அதை நினைத்தாலே உடம்பு கூசியது. போய்ச் சொன்னால், பார்த்தாயா, இவர்கள் இப்படித்தான் என்று தெருவே பேசும். சொல்லாமல் மூடினால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதே இடத்தின் பத்திரத்தை வங்கியில் வைத்து, நாலு எல்லைக்கும் கீழே அவள் கையெழுத்துப் போட வேண்டும். வயிற்றில் குறைப்பிள்ளை இறந்துபோன வீட்டில்கூடப் பதிவேட்டில் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டு வந்தவள் அவள். தப்பாக ஒரு தேதி எழுதியதில்லை.

திங்கட்கிழமை வேலையிலிருந்து திரும்பியவள் தன் வீட்டுக் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே போய் முகம் கழுவிப் புடவை மாற்றினால் மனசும் மாறிவிடும் என்று நேராக அடுத்த கேட்டைத் தட்டினாள்.

மலர்க்கொடி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து திறந்தார். யாரென்று பார்த்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு, "வாங்க நர்சம்மா" என்றார், நேற்றுதான் வந்து பேசிவிட்டுப் போனவளிடம் சொல்வதுபோல.

சுப்பராயலு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எழுபத்து நாலு வயது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். ஜான்சி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"சார், அந்தச் செவுரு ஒங்க எடத்துலதான் நிக்குது. ஒன்றரை அடி. எனக்கே வெள்ளிக்கெழமதான் தெரியும். நான் அன்னைக்குத் தெருவுல பேசினதெல்லாம் தெரியாம பேசினது. இடிச்சித் தள்ளிக் கட்டித் தர்றோம்."

அவர் டிவியை அணைத்தார். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்மா. அப்பவே தெரியும். சர்வேயருக்குப் பணம் கட்டத் தாலுக்கா ஆபீஸ் வரைக்கும் போனன். போயிட்டுத் திரும்பி வந்துட்டன்."

"ஏன் சார்?"

"விசாரணைன்னு வந்தா அன்னைக்குக் காலைல நான் சொன்னத அவர் சொல்லுவாரு. கேசாயிடும்னு பயம். ரெண்டு மூணு வருஷம் பயமாத்தான் இருந்துது. அப்புறம் பயம் போயிடுச்சி. வெக்கம் வந்துடுச்சி. அது இன்னும் இருக்குது."

மலர்க்கொடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொன்னீங்க? எனக்குத் தெரியாம என்ன சொன்னீங்க?" என்று கணவரைக் கேட்டார்.

ஜான்சி அந்த அம்மாளின் கையைத் தொட்டு, "சாரே சொல்லுவாருக்கா. அவர்கிட்டயே கேட்டுக்குங்க" என்றாள்.

கிளம்பும்போது சுப்பராயலு கேட்டுவரை வந்தார். கேட்டின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னைக்குக் காலைல நூலு சரியாத்தாம்மா இருந்துது. சும்மாதான் வந்து நின்னன் நான்."

பிறகு, சுவர் தன் காலம்வரைக்கும் அப்படியே இருக்கட்டும், இடிக்க வேண்டாம் என்றார். ஜான்சி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. காகிதத்தில் உள்ளபடி நிலம் நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கதிர்வேலிடம் நடந்ததைச் சொன்னாள். அவர் அன்று இரவு அவள் சாப்பிடும்வரை எழுந்திருக்காமல் எதிரே உட்கார்ந்திருந்தார். மறுநாள் அலுவலகத்துக்கு ஒரு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

முன்பக்கம் வர்ணம் அடிப்பதற்கென்று வைத்திருந்த பணம் சுவருக்குப் போனது. வீடு அழகாகத் தெரிய வேண்டும் என்று தொடங்கிய வேலையில் கடைசியாக வீட்டின் முகத்துக்கு ஒன்றும் மிச்சமில்லை. காத்தவராயன் முணுமுணுத்துக்கொண்டேதான் வேலையை ஆரம்பித்தார். நல்ல சுவரை இடிக்கச் சொல்லி யாரும் இதுவரை கூலி கொடுத்ததில்லை என்றார். கதிர்வேல் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே சம்மட்டி பிடித்தார். ஐம்பத்தெட்டு வயதில் பழக்கமில்லாத வேலை. இரண்டு கையிலும் கொப்புளம். ஜான்சி சாயங்காலம் மருந்து போட்டுக் கட்டிவிடுவாள். கட்டும்போதும் அதிகம் பேசமாட்டாள். ஆனால் கட்டாமல் விட்டதில்லை.

தெருவில் விசாரித்தவர்களுக்கு அவளே பதில் சொன்னாள். அளவு தப்பாகிவிட்டது, சரி செய்கிறோம் என்றாள். அதற்குமேல் யாரிடமும் விளக்கவில்லை.

முதல் நாள் சுப்பராயலு வெளியே வரவில்லை. இரண்டாம் நாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து தன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து பார்த்தார். மூன்றாம் நாள், இந்த மனைக்கல்லுக்கும் சந்தின் கொல்லைப்பக்கக் கோடியில் தோண்டிக் கண்டுபிடித்த இன்னொரு கல்லுக்கும் நேராகப் புதுச் சுவருக்கு நூல் பிடிக்க வேண்டியிருந்தது. சித்தாள் வரவில்லை. கதிர்வேல் நூல்கண்டின் முனையை எடுத்துக்கொண்டு இடிந்த சுவரைத் தாண்டிப் போய் அவர்முன் நீட்டினார்.

"நீங்க அந்தப் பக்கம் புடிங்க சார்."

சுப்பராயலு எழுந்து வாங்கிக்கொண்டார். மேஸ்திரி சொல்லச் சொல்ல இருவரும் ஆளுக்கொரு கல்லில் நூலை அழுத்திப் பிடித்தார்கள். அவர்களுக்குள் என்ன பேச்சு நடந்தது என்று ஜான்சி பிறகு கேட்டாள். ஒன்றுமில்லை, வெயில் ஜாஸ்தி என்றார், ஆமாம் என்றேன் என்றார் கதிர்வேல்.

அதிலிருந்து நான்கே நாளில் சுவர் எழுந்துவிட்டது. இந்தப் பக்கச் சந்து இரண்டரை அடியாகச் சுருங்கியது. ஜான்சியின் ஸ்கூட்டியை உள்ளே தள்ளினால் கைப்பிடி இரண்டு பக்கமும் உரசியது. அந்தப் பக்கம் சுப்பராயலு, இத்தனை வருடம் தெருவோரம் பிளாஸ்டிக் தாள் போர்த்தி நிறுத்தியிருந்த மொபெட்டைச் சந்து வழியாகக் கொல்லைக்குத் தள்ளிக்கொண்டு போனார். போகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி தெருவுக்கே கொண்டுவந்தார். பிறகு மறுபடி உள்ளே கொண்டுபோனார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வேல்யூவர் வந்தார். பெயர் அருண்குமார். முப்பது வயதிருக்கும். கடலூரிலிருந்து பைக்கிலேயே வந்திருந்தார். ஜான்சி அதிகாலையிலேயே எழுந்து வீட்டை மெழுகிவிட்டதுபோலத் துடைத்து, புதுத் திரைச்சீலை மாட்டி, கட்டிலுக்கடியில் இருந்ததையெல்லாம் எடுத்துப் பரணில் ஏற்றியிருந்தாள். அருண்குமார் திரைச்சீலையைப் பார்க்கவேயில்லை. கையிலிருந்த சிறு கருவியைச் சுவரில் வைத்து ஒவ்வோர் அறையாக அளவெடுத்தார். சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். மாடியில் புதிதாகப் பதித்த ஓட்டின்மேல் நடந்து பார்த்தார். கட்டி எத்தனை வருடம், தெரு எத்தனை அடி அகலம், குடிநீர் இணைப்பு உண்டா, பாதாளச் சாக்கடையா தொட்டியா என்று கேட்டுக்கொண்டே எழுதினார். பெருவெள்ளத்தில் தண்ணீர் வந்ததா என்று கேட்டபோது, தெருவில் முழங்கால் அளவு நின்றது, மூன்று படி உயர்த்திக் கட்டியதால் உள்ளே வரவில்லை என்று உள்ளதைச் சொன்னாள் ஜான்சி.

பக்கவாட்டுச் சந்துக்கு வந்ததும் பூச்சு இன்னும் காயாத சுவரைப் பார்த்து நின்றார்.

"இது மட்டும் ஏன் மேடம் புதுசா இருக்கு?"

பழைய சுவர் ஒன்றரை அடி தள்ளி இருந்தது, கல்லின்படி மாற்றிவிட்டோம் என்றாள். அவர் குனிந்து மனைக்கல்லைப் பார்த்தார். கருவியை வைத்து அளந்தார். முப்பது அடி. வரைபடத்தைப் பிரித்து ஒப்பிட்டார். பக்கத்து வீட்டில் ஏதும் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ஜான்சி பதில் சொல்வதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுப்பராயலுவின் குரல் வந்தது.

"ஒண்ணும் கெடையாது தம்பி. எல்லை சரியா இருக்குது. என் பேர வேணும்னாலும் எழுதிக்குங்க."

பெயரெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டு அருண்குமார் கல்லைப் போனில் படமெடுத்துக்கொண்டார். பத்திரமும் நிலமும் ஒன்றாக இருந்தால் தனக்கு எழுதுகிற வேலை பாதி குறையும் என்றார். காபி குடிக்கச் சொன்னதற்கு, புவனகிரியில் இன்னொரு வீடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். மொத்தமாக முப்பத்தைந்து நிமிடம். இருபத்து மூன்று நாள் பட்ட பாட்டுக்கு இவ்வளவுதானா என்று ஜான்சிக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

பத்து நாளில் அறிக்கை வந்தது. வெளிப்பூச்சு சுமார், பராமரிப்பு நன்று, நான்கு எல்லைகளும் ஆவணத்தோடு பொருந்துகின்றன என்று எழுதியிருந்தார்கள். அறிவுமதி எதிர்பார்த்ததைவிட மதிப்பு கொஞ்சம் குறைவுதான். மூன்று கட்டில் போட நினைத்த இடத்தில் இரண்டு போட்டு ஆரம்பிக்கலாம் என்றாள் மகள். அப்படியே வைகாசியில் புதுப்பாளையத்தில் ஆரம்பித்தாள். இப்போது காலையில் வரிசை நிற்கிறது.

கதிர்வேலோடு ஜான்சி பழையபடி பேச ஆரம்பிக்க ஒரு மாதம் ஆனது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவளுக்கு முழுதாக ஆறவில்லை. எப்போதாவது வேறு ஏதோ பேச்சுக்கு நடுவில், உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தீர்களே என்பாள். அவர் மறுத்துப் பேசுவதில்லை.

இரண்டு வீட்டுக்கும் பெரிய ஒட்டுறவு வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மலர்க்கொடி வாரம் இரண்டு நாள் கதிர்வேல் போகிற அதே ஏழே கால் பஸ்ஸில் ஏறி, அறிவுமதியிடம் முழங்காலுக்குப் போய் வருகிறார். பஸ்ஸில் தனித்தனி இருக்கைதான். இறங்கும்போது பையை வாங்கிக்கொள்வார் கதிர்வேல். கணவர் என்ன சொன்னார் என்பதை மலர்க்கொடி தெரிந்துகொண்டாரா என்று ஜான்சி கேட்கவில்லை. அவர் முன்பைவிட அடக்கமான குரலில் கணவரோடு பேசுவதும், சில நாள் பேசாமலே இருப்பதும் சுவர் வழியாகத் தெரிகிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுப்பராயலு ஜான்சியின் கேட்டருகே வந்து நின்றார். தலை கிறுகிறுக்கிறது, கொஞ்சம் பிரஷர் பார்க்க முடியுமா என்று கேட்டார். அவள் உள்ளே கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். அந்த வீட்டுக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை. சுற்றிலும் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மேலே ஏற்றிக் கையை நீட்டினார். ஜான்சி பட்டையைச் சுற்றி, பந்தை அழுத்தி, ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்துக் கேட்டாள். நூற்று அறுபதுக்குத் தொண்ணூற்றாறு.

"ஜாஸ்தியா இருக்குது சார். ஊறுகாய் சாப்புடுறீங்களா?"

"தெனம் கொஞ்சம்."

"நிறுத்துங்க. நாளைக்குக் காலைல வெறும் வயித்தோட வாங்க, மறுபடி பாக்கறன். அதுலயும் கொறையலன்னா டாக்டர்கிட்ட போயிடணும்."

அவர் சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். எழுந்தவர், மலர்க்கொடியிடம் ஊறுகாய் விஷயத்தை மட்டும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஜான்சி சொல்லத்தான் போகிறேன் என்றாள்.